பூட்டு திறக்கவில்லை என்றால் கதவையா கழற்றுவது?



பதிவு கொஞ்சம் நீளம். கோபமும் கொஞ்சம் உண்டு. இப்போது நேரமில்லை என்றால் ராத்திரி சாப்பிட்ட பிறகு படியுங்கள். ஆனால் படியுங்கள்.

கொஞ்ச நாளாக நம் குடும்பக் குழுவிலும் பழைய மாணவர் குழுவிலும் ஒரே புலம்பல். "சார், வீட்டு நாஸ் பெட்டி லாகின் ஆக மாட்டேங்கு." "பெரியப்பா, புது லேப்டாப் வாங்குனதுல இருந்து போட்டோ ஃபோல்டர் திறக்கல." கேட்டு ஒரு நிமிடம் ஆகாது, வைத்தியர் ஒருவர் வந்துவிடுவார். "அந்த செட்டிங்கை ஆஃப் பண்ணு." "எஸ்எம்பி ஒன்னை ஆன் பண்ணு." "கெஸ்ட்டை அனுமதி." கடைசியாக வருவதுதான் உச்சம்: "பாஸ்வேர்டையே எடுத்துரு. வீட்டுக்குள்ளதானே இருக்கு, எவன் வரப்போறான்?" அதற்குக் கீழே பத்துப் பேர் கைதட்டும் படம்.

இந்த வைத்தியத்தை எதிர்த்துத்தான் எழுதுகிறேன். சொல்கிறவர்களில் பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள், பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் கம்ப்யூட்டர் வேலையில் இருப்பவர்கள். அதனால்தான் கோபம் கூடுதல். அலுவலகத்தில் இதே காரியத்தைச் செய்தால் மறுநாள் உங்கள் அடையாள அட்டை வேலை செய்யாது. அம்மா அப்பா வீட்டுக்கு மட்டும் அது போதுமா?

முதலில், விஷயம் தெரியாத மதினிமார்களுக்காக நாலு வரி. நாஸ் பெட்டி என்பது வீட்டு ரூட்டரோடு கம்பி போட்டு இணைத்த, உள்ளே ஒன்றோ இரண்டோ ஹார்டு டிஸ்க் உள்ள சின்னப் பெட்டி. வீட்டில் உள்ள எல்லா போனும் லேப்டாப்பும் டிவியும் அதில் படம் போடலாம், எடுக்கலாம். நம் வீடுகளில் இது வந்ததற்கு இரண்டு காரணம் உண்டு. ஒன்று, 2021 ஜூன் 1 முதல் கூகுள் போட்டோஸ் அளவில்லாத இலவசத்தை நிறுத்தி, 15 ஜிபிக்கு மேல் காசு என்றது. இன்னொன்று, 2023 டிசம்பர் 17, 18. அதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தாமிரபரணி கரைமீறி ஜங்ஷன் பேருந்து நிலையம், கொக்கிரகுளம், மீனாட்சிபுரம் என்று புகுந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே சிக்கி நின்றது. தண்ணீர் வடிந்த பிறகு எத்தனை வீட்டுத் திண்ணையில் கல்யாண ஆல்பங்களை வெயிலில் காயவைத்திருந்தார்கள் என்று நான் தெருத்தெருவாகப் பார்த்தேன். ஒட்டிக்கொண்ட பக்கத்தைப் பிரித்தால் முகம் பிரிந்து வந்தது. அதற்குப் பிறகுதான் வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் பலர் ஊருக்கு வந்து, மிச்சம் இருந்ததை ஸ்கேன் செய்து, பெட்டி வாங்கி வைத்துவிட்டுப் போனார்கள். நல்ல காரியம். அந்தப் பெட்டிக்குள் இருப்பதற்குப் பல வீடுகளில் வேறு பிரதி கிடையாது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இப்போது அந்த வைத்தியங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"எஸ்எம்பி ஒன்னை ஆன் பண்ணு." எஸ்எம்பி என்பது ஒரு கணினி இன்னொன்றின் ஃபோல்டரைத் திறக்கப் பேசும் பாஷை. அதன் முதல் வடிவம் 1980களில் ஐபிஎம்மில் பிறந்தது. 2017 மே 12 அன்று வான்னாக்ரை என்ற தீம்பொருள் உலகத்தைச் சுற்றியது நினைவிருக்கிறதா? இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. பக்கத்துக் கேரளத்தில் பஞ்சாயத்து அலுவலகக் கணினிகளும் ஆந்திரக் காவல்துறைக் கணினிகளும் மாட்டின. அது புகுந்த ஓட்டை இந்த எஸ்எம்பி ஒன்றில்தான் இருந்தது. அடைப்பதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அந்த ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டுவிட்டது, போடாதவர்கள் மாட்டினார்கள். அந்த ஆண்டுக் கடைசியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து அந்தப் பழைய பாஷை தானாக நிறுவப்படுவதில்லை. உலகம் அடிபட்டுக் கற்றுக்கொண்டு மூடிய கதவு அது. அதை உங்கள் அப்பா லேப்டாப்பில் திறந்துவிடச் சொல்லி மூன்று நிமிட வீடியோ அனுப்புகிறீர்கள்.

"கெஸ்ட்டை அனுமதி." 2024இல் வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பில், புரோ வகையில், இரண்டு விதிகள் கடுமையாயின. பெயர் சொல்லாமல் 'விருந்தாளி'யாக ஃபோல்டருக்குள் போக முடியாது. போகிறவர் ஒவ்வொரு செய்தியிலும் கையெழுத்துப் போட வேண்டும். பென்ஷன்காரர்களுக்கு இது புரியும். கருவூலத்தில் வருடத்துக்கு ஒருமுறை நேர்காணலுக்குப் போய், நான்தான், உயிரோடுதான் இருக்கிறேன் என்று காட்டுகிறோம் இல்லையா? அதே மாதிரிதான். கையெழுத்துக்கான திறவு பாஸ்வேர்டிலிருந்து பிறக்கிறது. விருந்தாளிக்குப் பாஸ்வேர்டே கிடையாது, அவர் எப்படிக் கையெழுத்துப் போடுவார்? அதனால் நேற்றுவரை பாஸ்வேர்டு இல்லாமல் திறந்த பெட்டி, அப்டேட் ஆன மறுநாள் திறக்கவில்லை. இதற்கு மருந்து, பெட்டியில் ஒரு பெயரும் பாஸ்வேர்டும் உண்டாக்கிக்கொள்வது. ஐந்து நிமிட வேலை. நீங்கள் சொல்லும் மருந்து, கையெழுத்தே வேண்டாம் என்று விண்டோஸின் விதியை மாற்றுவது. அதுவும் ஐந்து நிமிட வேலைதான். ஐந்து நிமிடம் இரண்டுக்கும் ஒன்று என்றால் ஒழுங்கானதைச் செய்ய என்ன வலிக்கிறது?

"ரூட்டரில் போர்ட் திறந்துவிடு, நான் இங்கிருந்தே பார்த்துக்கிறேன்." இது வெளிநாட்டுப் பிள்ளைகளின் வைத்தியம். 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற கூட்டம் இணையத்தில் நேரடியாகத் தெரிந்த க்யூநாப் பெட்டிகளைத் தேடிப் பூட்டி, ஒவ்வொன்றுக்கும் 0.03 பிட்காயின் கேட்டது. அதற்கு முந்தைய ஆண்டு ஜூனில், வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் பெட்டி வைத்திருந்தவர்கள் பலர் காலையில் எழுந்து பார்த்தால் உள்ளே ஒன்றும் இல்லை. யாரோ தூரத்திலிருந்து துடைத்துவிட்டார்கள். அந்தப் பெட்டிக்குக் கடைசியாகத் திருத்தம் வந்தது 2015இல். வெளியிலிருந்து பார்க்கத்தான் வேண்டும் என்றால் விபிஎன் போட்டுக் கொடுங்கள். உங்களில் யாருக்கும் அது தெரியாதது இல்லை.

"வீட்டுக்குள்ளதானே, எவன் வரப்போறான்?" இந்தக் கேள்விக்குத்தான் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் கேட்க நியாயமாகத் தெரிகிறது. வீட்டு வைஃபை பாஸ்வேர்டு யார் யாரிடம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். மாடிக்குக் குடிவந்தவர், கேமரா மாட்ட வந்தவர், விடுமுறைக்கு வந்த பேரன், அவன் கூட்டாளிகள் நாலு பேர். திருடன் சுவரேறி வர வேண்டியதில்லை. பேரன் லேப்டாப்பில் ஏதோ இலவச விளையாட்டு என்று இறக்கியதில் ஒரு பூட்டுப் பூச்சி வந்தால் போதும். அது அந்த லேப்டாப்போடு நிற்காது. அந்த லேப்டாப்பால் எழுத முடிகிற எல்லா ஃபோல்டரிலும் போய் எழுதும். பாஸ்வேர்டு இல்லாத பெட்டி என்றால், வீட்டில் உள்ள எந்தக் கணினி கெட்டாலும் பெட்டியும் கெட்டது. தாத்தாவுக்கு எழுதும் உரிமை, பேரனுக்குப் பார்க்கும் உரிமை மட்டும் என்று பிரித்து வைத்தால் பேரன் லேப்டாப் கெட்டாலும் ஆச்சியின் படம் பிழைக்கும். பாஸ்வேர்டும் தனித்தனிப் பெயர்களும் இதற்குத்தான்.

கணினிக் கம்பெனிகளுக்கு வக்காலத்து வாங்குவதாக நினைக்க வேண்டாம். அவர்கள் போடும் அறிவிப்பைப் பார்த்தால் எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது. விருந்தாளியைத் தடுக்கும்போது விண்டோஸ் என்ன சொல்கிறது தெரியுமா? "உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை" தடுக்கிறதாம். கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் காயவைக்கும் வீட்டில் எந்த நிறுவனம், எந்தக் கொள்கை? படிக்கிற பெரியவர், தான் ஏதோ சட்டத்தை மீறிவிட்டோம் என்று பயந்து மூடிவிடுகிறார். பெயர் தப்பா, பாஸ்வேர்டு தப்பா, பெட்டியே தடுத்திருக்கிறதா என்று பிரித்துச் சொல்லாமல் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி முகத்தைக் காட்டுகிறார்கள். இந்த மொட்டை அறிவிப்புகளால்தான் குறுக்கு வைத்தியர்களுக்குப் பிழைப்பு நடக்கிறது. அந்தத் தப்பு அவர்களுடையது. ஆனால் அதற்கு நம் வீட்டைத் தண்டிக்க முடியாது.

சரி, பிறகு எப்படித்தான் கண்டுபிடிப்பது? ஆய்வுக்கூடத்தில் உங்களுக்கு முதல் நாள் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? விளக்கு எரியவில்லை என்றால் பேட்டரி, கம்பி, பல்பு மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றாதே. மாற்றினால் எரியும், ஆனால் எது கெட்டது என்று கடைசிவரை தெரியாது. இங்கேயும் அதேதான். ஒரு நேரத்தில் ஒன்று. வரிசையாக.

1. பெட்டி அங்கே இருக்கிறதா? போனில் அதே வைஃபையில் பிரவுசரைத் திறந்து பெட்டியின் எண் முகவரியைப் போடுங்கள். லாகின் பக்கம் வந்தால் பெட்டி நலம். வரவில்லை என்றால் பாஸ்வேர்டைப் பற்றிய பேச்சே வேண்டாம். இணைய இணைப்பை மாற்றியவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். பழைய ரூட்டர் 192.168.1 வரிசையில் எண் கொடுத்திருக்கும், புதியது 192.168.29 வரிசையில் கொடுக்கும். பெட்டி வீடு மாறிவிட்டது, நீங்கள் பழைய வாசலில் நின்று தட்டுகிறீர்கள். ரூட்டரின் பட்டியலில் புது எண்ணைப் பார்த்து, அதையே நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள்.

2. எந்தப் பெயரில் தட்டுகிறீர்கள்? பாதி வழக்கு இங்கேயே தீரும். லேப்டாப் திறக்கும் நாலு இலக்கப் பின் அந்த லேப்டாப்புக்கு மட்டும் சொந்தம். பெட்டிக்கு அது தெரியாது. உங்கள் மின்னஞ்சலும் பெட்டிக்குத் தெரியாது. ஆனால் புது லேப்டாப் கேட்காமலேயே அந்த மின்னஞ்சலைத்தான் முதலில் நீட்டும். பெட்டிக்குள் உண்டாக்கிய பெயரைத்தான் போட வேண்டும். அதற்கு முன்னால் பெட்டியின் பெயரையும் ஒரு பின்சாய் கோட்டையும் போட்டால் விண்டோஸுக்குக் குழப்பம் இருக்காது. பல பெட்டிகளில் இப்போது 'அட்மின்' என்ற பெயர் முடக்கப்பட்டே வருகிறது, அதையே தட்டிக்கொண்டிருக்காதீர்கள். தமிழ்99 விசைப்பலகை வைத்திருப்பவர்கள், அது ஆங்கிலத்துக்கு மாறியிருக்கிறதா என்று பாருங்கள். புள்ளி புள்ளியாகத் தெரியும் இடத்தில் தமிழெழுத்து விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

3. பழைய பாஸ்வேர்டு ஒளிந்திருக்கிறதா? பெட்டியில் பாஸ்வேர்டை மாற்றியிருப்பீர்கள். விண்டோஸ் பழையதைத் தன் கிரெடென்ஷியல் மேனேஜரில் பத்திரமாக வைத்துக்கொண்டு அதையே அனுப்பும். அங்கே போய் அந்தப் பெட்டியின் பெயருள்ள பதிவை மட்டும் நீக்குங்கள். இன்னொன்று, ஒரே பெட்டிக்குள் ஒரே நேரத்தில் இரண்டு பெயரில் போக விண்டோஸ் விடாது. பிழை எண் 1219 என்று வந்தால் இதுதான். பழைய இணைப்பைத் துண்டித்து, லேப்டாப்பை ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.

4. பெட்டி உங்களைத் தடுத்திருக்கிறதா? திரும்பத் திரும்பத் தப்பாகப் போட்டால் அந்தக் கணினியின் எண்ணையே பெட்டி ஒதுக்கிவிடும். பிறகு சரியான பாஸ்வேர்டு போட்டாலும் திறக்காது. நீங்கள் சும்மா இருந்தாலும், பழைய பாஸ்வேர்டோடு ஓடும் ஆப் பின்னால் இருந்து தட்டிக்கொண்டே இருக்கும். வேறொரு கருவியிலிருந்து நிர்வாகியாக உள்ளே போய், தடைப்பட்டியலில் இருந்து அந்த எண்ணை எடுத்துவிடுங்கள்.

5. உள்ளே போகிறதா, ஃபோல்டர் மட்டும் திறக்கவில்லையா? அப்படியென்றால் லாகினில் ஒரு குறையும் இல்லை. அந்தப் பெயருக்கு அந்த ஃபோல்டரில் உரிமை கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

6. இரண்டாம் கட்ட ஆறு இலக்க எண் ஏற்கவில்லையா? அந்த எண் 30 வினாடிக்கு ஒருமுறை மாறுவது, கடிகாரத்தை வைத்து. பெட்டியின் கடிகாரம் தப்பாக ஓடினால் எண்ணும் ஒத்துப்போகாது. நேரத்தைச் சரிசெய்யுங்கள்.

7. இத்தனைக்கும் பிறகு, பெட்டி பழையது, எஸ்எம்பி ஒன்று மட்டும்தான் பேசும் என்று தெரிந்தால், முதலில் பெட்டியின் அமைப்பில் இரண்டு அல்லது மூன்றாம் வடிவத்தை இயக்க வழி இருக்கிறதா, புது மென்பொருள் வந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பிரவுசர் வழியாக எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு அந்தப் பெட்டிக்கு ஓய்வு கொடுங்கள். நமக்கு 58 வயதில் கொடுத்தார்கள், அதற்குக் கொடுத்தால் என்ன?

இந்த ஏழில் ஒன்றாவது பாதுகாப்பைக் குறைக்கச் சொல்கிறதா? இல்லை. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

இப்போது, இதை நான் இவ்வளவு காரமாக எழுதுவதற்கான காரணத்துக்கு வருகிறேன். போன மாதம் பாளையங்கோட்டையில் எனக்குத் தெரிந்த ஓர் அம்மா. கணவர் காலமாகி வருஷம் திரும்புகிறது. படம் ஒன்றைப் பெரிதாக்க வேண்டும். ஆல்பமெல்லாம் வெள்ளத்தில் போயிற்று. அதற்கு முந்திய வருடம் மகன் ஸ்கேன் செய்து வைத்தது மட்டும் பெட்டிக்குள் இருக்கிறது. புது லேப்டாப்பில் திறக்கவில்லை. பின் போட்டார், மின்னஞ்சல் போட்டார், மகன் போனில் சொன்ன பாஸ்வேர்டையும் போட்டார். ஒன்றுக்கும் அசையவில்லை. குழுவில் கேட்டால் ஆளுக்கொரு செட்டிங் சொன்னார்கள். கடையிலிருந்து வந்த பையன், "டிஸ்க்கைப் புதுசா செட் பண்ணித் தாரேன், எல்லாம் சரியாயிரும்" என்று திருப்புளியை எடுத்துவிட்டான். நல்ல வேளை, அந்த அம்மா எனக்கு ஒரு போன் போட்டார். மகன் சொன்ன அதே பெயரையும் பாஸ்வேர்டையும் போனின் பிரவுசரில் போடச் சொன்னேன். திறந்தது. அப்படியானால் பாஸ்வேர்டு சரி. லேப்டாப்பைத்தான் பெட்டி தடுத்திருக்கிறது. தடையை எடுத்து, லேப்டாப்பில் இருந்த பழைய பதிவை நீக்கி, சரியான பெயரைப் போட்டதும் ஃபோல்டர் விரிந்தது. மொத்தம் இருபது நிமிடம். அந்தப் பையன் சொன்னபடி 'புதுசா செட்' பண்ணியிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும்தான். வேட்டி சட்டையோடு சிரிக்கும் அந்த மனிதரின் முகம் மட்டும் இருந்திருக்காது.

நம் சீமைக்கு இது புதிதில்லை. உ.வே.சாமிநாதையர் ஏடு தேடி இந்தப் பக்கம் வந்த கதையை 'என் சரித்திர'த்தில் படித்திருப்பீர்கள். கரிவலம்வந்தநல்லூர் கோயிலில் ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் போட்டுவிட்டார்கள். திருநெல்வேலியில் ஒரு வீட்டு ஏடுகள் ஆடிப் பதினெட்டில் ஆற்றோடு போயின. செய்தவர்கள் பகைவர்கள் இல்லை. பழுதானால் இப்படிச் செய்வதுதான் முறை என்று யாரோ சொன்னதைக் கேட்டு, நல்ல எண்ணத்தோடு செய்தவர்கள். ஃபார்வர்டு செய்தியை நம்பிப் பெட்டியைத் துடைக்கிறவருக்கும் அவர்களுக்கும் என்ன வித்தியாசம்?

கடைசியாக, வெளியூர்ப் பிள்ளைகளே, உங்கள்மேல் எனக்குள்ள பெரிய வழக்கு இது. பெட்டி வாங்கினீர்கள், மாட்டினீர்கள், நிர்வாகி பாஸ்வேர்டை உங்கள் போனிலேயே எடுத்துக்கொண்டு விமானம் ஏறிவிட்டீர்கள். வீடு அப்பாவுடையது, படம் அம்மாவுடையது, சாவி மட்டும் உங்கள் சட்டைப்பையில். கேட்டால் "அவங்களுக்கு இதெல்லாம் புரியாது" என்கிறீர்கள். ரயில் டிக்கெட் போடத் தெரிகிறது, யுபிஐயில் பால்காரருக்குப் பணம் அனுப்பத் தெரிகிறது, உங்களை வளர்த்து ஆளாக்கத் தெரிந்தது. ஒரு பெயரும் ஒரு பாஸ்வேர்டும் புரியாதா? சொல்லிக் கொடுக்க உங்களுக்குப் பொறுமை இல்லை என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

அதனால் இந்த முறை ஊருக்கு வரும்போது வீட்டுப்பாடம் ஐந்து. தப்பாமல் செய்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும்.

ஒன்று, பெட்டியின் பெயர், எண் முகவரி, உங்கள் பெற்றோரின் யூசர்நேம், பாஸ்வேர்டு, நிர்வாகி பாஸ்வேர்டு எல்லாவற்றையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, வீட்டுப் பத்திரம் இருக்கும் இடத்தில் வையுங்கள். உயரமான அலமாரியில். நம் ஊரில் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு, வீட்டில் இருக்கும் ஒருவரை இன்னொரு நிர்வாகியாகப் போடுங்கள்.

மூன்று, நீங்கள் கைகட்டி உட்கார்ந்திருக்க, அம்மாவே மூன்று தடவை லாகின் செய்து காட்ட வேண்டும்.

நான்கு, பெட்டியின் பின்னால் உள்ள ரீசெட் பொத்தான் எத்தனை வினாடி அழுத்தினால் என்ன ஆகும் என்று அந்த மாடலின் கையேட்டில் பார்த்துத் தாளில் எழுதுங்கள். பல பெட்டிகளில் சில வினாடி அழுத்தினால் நிர்வாகி பாஸ்வேர்டும் நெட்வொர்க் அமைப்பும்தான் பழைய நிலைக்குப் போகும், படங்கள் அப்படியே இருக்கும். ஆனால் எல்லாம் ஒன்றுபோல இல்லை. தெரியாமல் யாரும் கைவைக்கக் கூடாது.

ஐந்து, பெட்டியில் உள்ளதை ஒரு தனி ஹார்டு டிஸ்க்கில் நகலெடுத்து, வேறு ஊரில், சித்தப்பா வீட்டிலோ அத்தை வீட்டிலோ வையுங்கள். இரண்டு டிஸ்க் உள்ள பெட்டி என்றாலும் இது வேண்டும். அந்த இரண்டும் ஒரே தண்ணீரில்தான் மூழ்கும்.

எதிர்ப்பு இருந்தால் கீழே எழுதுங்கள், பதில் சொல்கிறேன். "இதெல்லாம் ஓவர் சார்" என்று மட்டும் எழுதாதீர்கள், காரணத்தோடு எழுதுங்கள். ஐந்தையும் முடித்தவர்கள் "முடித்தேன்" என்று ஒரு வார்த்தை போடுங்கள். வருகைப்பதிவேடு இன்னும் என் கையில்தான் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்